குடற்கட்டியில் காணாமற்போன புரதம்



கேரி தீவிலிருந்து ஒரு தங்கை கடிதம் எழுதியிருக்கிறார். வயது இருபத்து மூன்று. அப்பா செம்பனையில் பழம் வெட்டுபவர், வயது நாற்பத்தாறு. ஏழெட்டு மாதமாகவே அவருக்கு அசதியும் மூச்சிரைப்பும் இருந்திருக்கின்றன. நாலு மரம் வெட்டியதும் அருவாள் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவாராம். கிளினிக்கில் இரத்தச் சோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை தின்றும் ஆள் தேறவில்லை. பிறகுதான் வயிற்றின் வலப்பக்கத்தில் கட்டி தட்டுப்பட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார், கஞ்சி குடிக்கிறார், நடக்கிறார்.

தங்கையின் கேள்வியை அவர் எழுதியபடியே தருகிறேன். "ஆப்பரேஷனுக்கு அப்புறம் வந்த ரிப்போர்ட்டுல எம்.எல்.எச்.1 இல்லை, பி.எம்.எஸ்.2 இல்லை, எம்.எஸ்.எச்.2 இருக்கு, எம்.எஸ்.எச்.6 இருக்குன்னு போட்டிருக்கு. என்னான்னு கேட்டேன். அதெல்லாம் புரதம்மா, அடுத்த தடவை வரும்போது பிள்ளைங்க எல்லாரும் வாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பாவுக்குப் புரதம் கொறஞ்சிருந்தா முட்டை, பருப்பு கொடுத்தா சரியாயிடுமா? நோய் அப்பாவுக்கு, எங்களை எதுக்குக் கூப்பிடுறாங்க? அம்மாவும் போகணுமா?"

நல்ல கேள்வி. இந்தப் பகுதியில் நான் வழக்கமாக இனிப்புநீர், இரத்த அழுத்தம், எலிக் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டு போவேன். இந்தத் தடவை சற்று நுணுக்கமான விஷயம். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் கூட உட்கார்த்திக்கொள்ளுங்கள்.

முதலில் முட்டை, பருப்பு விஷயத்தை முடித்துவிடுவோம். நாம் தின்கிற புரதம் வேறு, ரிப்போர்ட்டில் சொன்ன புரதம் வேறு. தின்ற புரதம் வயிற்றில் கரைந்து துண்டு துண்டாகி இரத்தத்தில் சேர்கிறது. அந்தத் துண்டுகளை வைத்து ஒவ்வொரு உயிரணுவும் தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே கட்டிக்கொள்கிறது. பலகையும் ஆணியும் வெளியிலிருந்து வரும், வீட்டின் படம் உள்ளே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படந்தான் மரபணு. படம் கிழிந்துபோனால் லாரி லாரியாகப் பலகை இறக்கினாலும் வீடு எழும்பாது. அப்பாவுக்கு முட்டை கொடுங்கள், ஆப்பரேஷன் புண் ஆற நல்லது. எம்.எல்.எச்.1 அதனால் திரும்பி வராது.

கிராணியும் சரிபார்ப்பவரும்

நம் பெருங்குடல் ஏறக்குறைய ஐந்தடி நீளம். அதன் உட்சுவரில் இருக்கும் மெல்லிய தோல் நாலைந்து நாளைக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகிறது. பழைய உயிரணுக்கள் உதிர்ந்து மலத்தோடு போகும், அடியிலிருந்து புதியவை பிறந்து மேலே வரும். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது தன்னிடமுள்ள மரபு எழுத்து முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். மனிதனுடைய மரபு எழுத்து ஒரு தொகுதிக்குச் சுமார் 300 கோடி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு தொகுதி.

செக்ரோல் புத்தகத்திலிருந்து சம்பளப் பட்டியலுக்குக் கணக்கு ஏற்றும் ஆபீஸ் கிராணியை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இடையில் ஓர் எண் தவறும். பட்டியலை வேறொருவர் வாசித்துச் சரிபார்த்து, பிழை கண்ட இடத்தை அடித்து, மறுபடி எழுதச் சொல்வார். உயிரணுவுக்குள் அந்தச் சரிபார்க்கும் வேலையைச் செய்வதுதான் தங்கையின் ரிப்போர்ட்டில் இருக்கும் நான்கு புரதங்கள்.

இவை தனித்தனியாக வேலை செய்வதில்லை, சோடி சோடியாகப் போகும். எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 ஒரு சோடி. படியெடுத்த இழைமேல் ஊர்ந்துகொண்டே போய்ப் பொருந்தாத எழுத்தைக் கண்டால் அங்கேயே பற்றி நிற்கும். எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இன்னொரு சோடி. முதற்சோடி நிற்கும் இடத்துக்கு இது வந்து, தவறான இழையில் வெட்டுப் போடும். பிறகு வேறு புரதங்கள் அந்தத் துண்டை அகற்றிவிட்டுச் சரியாக எழுதும். பழம் வெட்டுகிற நமக்கு இந்தச் சோடிக் கணக்கு தெரியாததல்ல. வெட்டுபவர் வராத அன்று குலை சுமப்பவருக்கு என்ன வேலை? அதுபோல எம்.எல்.எச்.1 இல்லாவிட்டால் பி.எம்.எஸ்.2 நிலைத்து நிற்காது, அழிந்துவிடும். ஆகவே ரிப்போர்ட்டில் இரண்டு "இல்லை" இருந்தாலும் உண்மையில் தொலைந்தது ஒன்றுதான், அது எம்.எல்.எச்.1.

சரிபார்ப்பவர் இல்லாவிட்டால் பிழைகள் நூறு மடங்குக்கு மேல் பெருகும். எந்த இடத்தில் அதிகம் தெரியுமா? ஒரே எழுத்து வரிசையாக வரும் இடத்தில். ஒரு தாளில் பத்து சுழியம் வரிசையாக இருந்தால், பார்த்து எழுதும்போது ஒன்பதா பத்தா என்று கண் வழுக்கும் அல்லவா, அப்படி. பெருங்குடல் உயிரணுவுக்கு "போதும், இனி வளராதே" என்று வெளியிலிருந்து ஒரு கட்டளை வருவதுண்டு. அந்தக் கட்டளையை வாங்கும் ஒரு புரதத்தின் மரபணுவில் ஒரே எழுத்து பத்துத் தடவை தொடர்ந்து வருகிறது. சரிபார்ப்பு இல்லாத உயிரணுவில் அந்தப் பத்து, ஒன்பதாகிவிடுகிறது. அதற்குப் பிறகுள்ள எழுத்தெல்லாம் நகர்ந்துபோய், கட்டளையை வாங்கும் புரதமே உருவாவதில்லை. தண்டல் எவ்வளவு கத்தினாலும் காது கேளாதவன் நிற்பானா? இதை 1995-இல் கண்டுபிடித்தார்கள். குடற்கட்டி உண்டாவதில் எம்.எல்.எச்.1 போன்ற புரதத்தின் பங்கு இதுதான். அது இல்லாததனால் நேரடியாகக் கட்டி வருவதில்லை. அது இல்லாததனால் மற்றப் பிழைகள் திருத்தப்படாமல் குவிகின்றன, அவற்றுள் சில கட்டியாகின்றன. வழக்கமாக ஒரு சிறு முளை புற்றாக மாறப் பத்தாண்டுக்கு மேல் ஆகும் என்பார்கள். இந்தப் புரதம் இல்லாத இடத்தில் இரண்டு மூன்று ஆண்டிலேயே மாறிவிடக்கூடும்.

தையற்காரப் பெண் சொன்னது

இதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தவர்கள் திடீரென்று கண்டுபிடித்ததல்ல. முதலில் சொன்னது ஒரு தொழிலாளப் பெண். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் 1895-இல் அல்ட்ரெட் வார்த்தின் என்ற மருத்துவப் பேராசிரியரிடம், அவருக்குத் துணி தைத்துக் கொடுத்து வந்த ஒரு பெண், "எங்கள் குடும்பத்தில் எல்லாரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்" என்ற கருத்தில் சொன்னாராம். அந்த அம்மாள் பின்னர் கர்ப்பப்பைப் புற்றால் இள வயதிலேயே இறந்தார். வார்த்தின் அதை அலட்சியம் பண்ணவில்லை. அக்குடும்பத்துப் பிறப்பு இறப்புகளைத் தேடித் தொகுத்து 1913-இல் வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 1966-இல் ஹென்றி லிஞ்ச் என்ற டாக்டர் இதே மாதிரி இரண்டு பெரிய குடும்பங்களைப் பற்றி எழுதினார். பலர் நம்பவில்லை. புற்றுநோய் பரம்பரையில் வருமா என்று கேலி செய்தவர்களும் உண்டு. இன்று இந்த நோய்க்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், லிஞ்ச் நோய்.

புரதம் பிடிபட்டது 1993-இல். அந்த ஆண்டில் குடற்கட்டிகளை ஆராய்ந்தவர்கள், ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்கள் கட்டியில் நீண்டும் குறுகியும் இருப்பதைக் கண்டு திகைத்தார்கள். கிருமிகளையும் ஈஸ்டையும் வைத்து வேலை செய்துகொண்டிருந்த வேறு சிலருக்கு இது புதிதல்ல. சரிபார்க்கும் புரதம் கெட்டால் ஈஸ்டிலும் இப்படித்தான் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து தேடியதில் அந்த ஆண்டு முடிவதற்குள் எம்.எஸ்.எச்.2-இன் மரபணுவும், 1994-இல் எம்.எல்.எச்.1-இன் மரபணுவும் கிடைத்துவிட்டன. கிருமிகளில் இந்தத் திருத்த வேலை எப்படி நடக்கிறதென்று பல ஆண்டுகள் பொறுமையாகப் பிரித்துப் பார்த்த பால் மோட்ரிச்சுக்கு 2015-இல் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. குடலே இல்லாத கிருமியை ஆராய்ந்தவர் குடற்புற்றின் முடிச்சை அவிழ்க்க உதவினார், பாருங்கள்.

ஒரு புரதம் காணவில்லை என்பதால் அதுதான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் பானை உடைந்த அன்று பூனையும் காணாமற் போயிருக்கலாம், பூனைதான் உடைத்தது என்பதற்கு அது சாட்சியா? ஆகவே திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். எம்.எல்.எச்.1 இல்லாத குடற்புற்று உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, நல்ல எம்.எல்.எச்.1 இருக்கும் மூன்றாம் நிறப்புரியை அவற்றுக்குள் செலுத்தினார்கள். பிழை திருத்தும் சக்தி திரும்பி வந்தது. இது 1994-இல். அதற்கப்புறந்தான் சந்தேகம் தீர்ந்தது.

ஓலை மூடிய விளக்கு

இனித் தங்கையின் வீட்டு விஷயத்துக்கு வருவோம். அப்பாவின் கட்டியில் எம்.எல்.எச்.1 இல்லை. அது இரண்டு வழியில் போயிருக்கலாம்.

ஒன்று, பரம்பரை வழி. எம்.எல்.எச்.1 மரபணு நமக்கு இரண்டு பிரதி. ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக வந்திருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆள் சுகமாகவே இருப்பார். குடலில் எங்கோ ஓர் உயிரணுவில் அந்த இரண்டாவது பிரதியும் கெட்டால் அங்கிருந்து கட்டி தொடங்கும். அதனால்தான் அப்பாவின் உடம்பில் மற்ற இடங்களில் எல்லாம் இந்தப் புரதம் இருக்கும், கட்டியில் மட்டும் இருக்காது. சோதனை செய்பவர்கள் கட்டியிலிருந்து மெல்லிய சீவலை எடுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, அந்தப் புரதத்தை மட்டும் போய்ப் பிடிக்கும் மருந்தை ஊற்றுவார்கள். புரதம் இருக்கும் உயிரணுவின் நடுக்கரு பழுப்பு நிறமாகும். இல்லாதது நீலமாகவே நிற்கும். கட்டியைச் சுற்றியுள்ள நல்ல உயிரணுக்கள் பழுப்பாகத் தெரிந்தால்தான் மருந்து ஒழுங்காக வேலை செய்தது என்று பொருள். நான்கு புரதத்துக்கும் தனித்தனியே இப்படிப் பார்ப்பார்கள்.

இரண்டாவது வழி பரம்பரையைச் சேர்ந்ததல்ல. மரபணுவின் எழுத்தெல்லாம் சரியாகவே இருக்கும். அதன்மேல் ஒரு வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டு அதை வாசிக்க முடியாதபடி மூடிவிடும். விளக்கு நன்றாக எரிகிறது, ஓலையைப் போட்டு மூடிவிட்டால் வெளிச்சம் எங்கே? செம்பனையில் இதற்கு எதிரான ஒன்றை நம்மில் சிலர் கண்ணால் பார்த்திருப்போம். திசு வளர்ப்பில் வந்த கன்றுகளை நட்டபோது சில மரங்களில் காய், தோல்மேல் தோல் போர்த்தியதுபோல் கோணலாகக் காய்த்து, எண்ணெயும் குறைந்து, நிர்வாகம் தலையில் கைவைத்துக்கொண்டது. அந்த மரங்களின் மரபு எழுத்தில் பிழை ஏதும் இல்லை, இருக்க வேண்டிய மூடி ஓரிடத்தில் கழன்றுபோனதுதான் காரணம் என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்து ஆய்வாளர்கள் 2015-இல் கண்டு சொன்னார்கள். செம்பனையில் மூடி கழன்றது, குடலில் மூடி விழுந்தது. அந்த மூடியை அகற்றும் மருந்தைக் கொடுத்தால் குடற்புற்று உயிரணுவில் எம்.எல்.எச்.1 மீண்டும் உண்டாகிறதென்று 1998-இல் ஆய்வுக்கூடத்தில் காட்டிவிட்டார்கள்.

இப்படி மூடிவிழுவது பெரும்பாலும் எழுபது வயதை ஒட்டியவர்களிடம், அதிலும் பெண்களிடம் காணப்படுவது. அது பிள்ளைகளுக்குப் போவதில்லை. அப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. ஆகவேதான் டாக்டர் பரம்பரை வழியைச் சந்தேகித்துப் பிள்ளைகளை அழைத்திருக்கிறார். கட்டியிலேயே இன்னொரு சோதனை செய்து மூடி விழுந்ததா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் அப்பாவின் இரத்தத்தை எடுத்து மரபணுவைப் படிப்பார்கள். அதில் பழுது இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதம் இல்லை. மூத்தவருக்கு வந்துவிட்டதால் இளையவருக்கு வராது என்ற கணக்கும் இல்லை. ஒவ்வொரு தடவையும் காசு சுண்டுவதுபோலத்தான்.

சயாமுக்குப் போன பாட்டன்

குடும்பத்தில் யாருக்கெல்லாம் இந்த நோய் என்று கேட்டு முடிவு செய்யலாமே, இரத்தச் சோதனை எதற்கு என்று கேட்கலாம். அப்படியும் ஒரு விதி உண்டு. 1991-இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் விதி என்பார்கள். நெருங்கிய உறவில் மூன்று பேருக்குக் குடற்புற்று இருக்க வேண்டும், அது இரண்டு தலைமுறையில் இருக்க வேண்டும், ஒருவருக்காவது ஐம்பது வயதுக்குள் வந்திருக்க வேண்டும். பின்னாளில் கர்ப்பப்பை உள்ளிட்ட வேறு சில புற்றுகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த விதி வெள்ளைக்காரர்களின் ஊரில் தேவாலயப் பதிவும் குடும்பப் பதிவும் பார்த்து எழுதினது. நம் வீட்டில் யாரைப் போய்க் கேட்பது? பாட்டனார் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடிபட்டுப் போனவர். நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் அப்படிப் போய்க் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். முப்பது வயதில் காட்டில் செத்தவருக்கு ஐம்பதில் குடற்புற்று வந்திருக்குமா என்று யார் சொல்வது? பாட்டி லயத்தில் இறந்தார். "வயிறு உப்பிச் செத்துப் போச்சு" என்பார்கள், "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்பார்கள். பெரியப்பா தோட்டம் துண்டாடப்பட்டபோது வெளியேறிப் பட்டணத்துப் பக்கம் போனவர், முகவரி கிடையாது. அத்தைமார் கல்யாணமாகி ஒருவர் பேராக்கில், ஒருவர் ஜோகூரில். இப்படிச் சிதறின குடும்பத்தில் "உங்க பரம்பரையில் யாருக்காவது?" என்று கேட்டால் "தெரியாதுங்க" என்ற பதில்தான் வரும். படிவத்தில் "இல்லை" என்று எழுதிவிடுவார்கள். தெரியாது என்பதும் இல்லை என்பதும் ஒன்றா?

அதனால்தான் என் அபிப்பிராயம், நம்மவர்களுக்குக் குடும்ப விவரத்தைவிடக் கட்டியின் சாட்சிதான் நம்பகமானது. பாட்டன் பேசமாட்டார், கட்டி பேசும். உங்கள் வீட்டில் யாருக்காவது பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றென்று ஆப்பரேஷன் ஆகியிருந்தால், "இந்த நாலு புரதச் சோதனை செஞ்சீங்களா டாக்டர்? முடிவு என்ன?" என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. வெட்டியெடுத்த சீவலை மெழுகுக் கட்டியில் பதித்து ஆய்வுக்கூடத்தில் வைத்திருப்பார்கள். பல மாதம் கழித்தும் அதில் பார்க்க முடியும்.

இது எங்கோ அமெரிக்காவில் நடப்பதென்று நினைக்க வேண்டாம். கிளந்தான் குபாங் கெரியானில் உள்ள அறிவியல் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தைச் சேர்ந்தவர்கள், பிற ஆஸ்பத்திரி டாக்டர்களோடு சேர்ந்து, மலேசிய நோயாளிகளில் எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 மரபணுப் பழுதுகளைத் தேடி 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே 2004-இல் சென்னை அடையாறு புற்றுநோய்க் கழகத்தார் இந்திய நோயாளிகளிடம் இதே இரண்டையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கோலாலம்பூர்ப் பெரிய ஆஸ்பத்திரியிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மரபு நோய்க்கென்று தனி டாக்டர்கள் இருக்கிறார்கள். அனுப்பும் கடிதம் வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாக் குடற்புற்றும் பரம்பரை என்று பயந்துவிடாதீர்கள். நூறு பேருக்குக் குடற்புற்று என்றால் ஏறக்குறைய பதினைந்து பேரின் கட்டியில் இந்தத் திருத்தம் கெட்டிருக்கும். அவர்களிலும் லிஞ்ச் பரம்பரை மூன்று பேருக்குத்தான். மீதிப் பேருக்கு வயதும், சுருட்டு சிகரெட்டும், சம்சுவும், உடற்பருமனும், டப்பாவில் அடைத்த இறைச்சியும் சேர்ந்து செய்கிற வேலை. அதைப் பற்றி முன்பே எழுதியாயிற்று.

பிள்ளைகள் போனால் என்ன ஆகும்?

பழுது இல்லை என்று வந்தால் நிம்மதி. மற்றவர்களைப்போல் இருக்கலாம். பழுது உண்டு என்று வந்தால் அது புற்றுநோய் வந்துவிட்டதென்ற செய்தி அல்ல. இருபது, இருபத்தைந்து வயதிலிருந்தே ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடல் முழுதும் பார்க்க வேண்டும் என்ற செய்தி. முளை இருந்தால் அங்கேயே வெட்டி எடுத்துவிடுவார்கள், வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. பின்லாந்து நாட்டில் இப்படிப்பட்ட 22 குடும்பங்களைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து 2000-இல் எழுதினார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை குழாய்ச் சோதனைக்கு வந்த 133 பேரில் 8 பேருக்குக் குடற்புற்று வந்தது, ஒருவரும் அதனால் இறக்கவில்லை. வராத 119 பேரில் 19 பேருக்கு வந்தது, 9 பேர் இறந்தார்கள். குழாய்ச் சோதனைக்கு முதல்நாள் பேதி மருந்து குடித்துக் கக்கூசுக்கும் படுக்கைக்கும் அலைவது தொல்லைதான். அந்த ஒன்பது பேரை நினைத்துக்கொண்டு அலையலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. இந்தப் பழுது கர்ப்பப்பையிலும் புற்று உண்டாக்கும். தையற்காரப் பெண்ணுக்கு வந்தது அதுதான். தீட்டு நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ, இடையிடையே தாறுமாறாகப் பட்டாலோ "சூடு" என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. அத்தைமார்களுக்கும் இந்தச் செய்தி போக வேண்டும். அப்பாவோடு பிறந்தவர்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டல்லவா?

ஆஸ்பிரின் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் இந்தப் பரம்பரைக்காரர்களுக்குக் குடற்புற்று குறைகிறதென்று இங்கிலாந்துப் பேராசிரியர் ஜோன் பர்ன் நடத்திய பெரிய சோதனை 2011-லும் 2020-லும் காட்டியது. உடனே கடையில் போய் வாங்கிவிட வேண்டாம். வயிற்றில் புண், இரத்தக் கசிவு உள்ளவர்களுக்கு அதுவே ஆபத்து. டாக்டர் சொன்னால் மட்டும்.

அப்பாவுக்கும் இந்த ரிப்போர்ட்டால் பலன் உண்டு. திருத்தம் கெட்ட கட்டி, பரவுமுன் எடுக்கப்பட்டால், மற்றக் கட்டிகளைவிட நல்லபடியாகவே போகும். இரண்டாம் கட்டத்தில் வழக்கமாகக் கொடுக்கும் ஒற்றை மருந்து இவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது, அதைக் கொடுக்காமல் விடலாம். பரவியிருந்தாலும் வேறு கதவு ஒன்று திறந்திருக்கிறது. பிழை மலிந்த கட்டியில் கோணல் புரதங்கள் நிறைய இருப்பதால் உடம்பின் காவற்படை அதை அந்நியன் என்று எளிதில் அடையாளம் காணும். அந்தப் படையின் கட்டை அவிழ்த்துவிடும் ஊசி மருந்து இத்தகைய கட்டிகளில் நன்றாக வேலை செய்கிறதென்று 2015-இல் தெரிந்தது. 2022-இல் நியூயார்க்கில், மலக்குடலில் இத்தகைய கட்டி இருந்த முதல் 12 பேருக்கும் அப்படியொரு மருந்திலேயே கட்டி முழுக்க மறைந்துபோனது, கத்தி வைக்கவே இல்லை. விலை அதிகம், நம் எல்லாருக்கும் எட்டுவதல்ல. அந்தச் சண்டையைச் சங்கம் வேறு பக்கத்தில் எழுதட்டும்.

கடைசியாக, பரம்பரை இல்லாதவர்களுக்கு. மலேசிய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் குடற்புற்றுதான் முதலிடம், 2012 முதல் 2016 வரையான தேசியப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. பத்தில் ஏழு பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்து சேர்கிறார்கள். காரணம் நமக்குத் தெரிந்ததே. மலத்தில் இரத்தம் என்றால் "மூலம்", கழிப்பு மாறினால் "வாயு", மெலிந்தால் "வேலை ஜாஸ்தி". தங்கையின் அப்பாவுக்கு இரத்தமே கண்ணில் படவில்லை என்பதைக் கவனியுங்கள். வலப்பக்கக் கட்டியில் இரத்தம் துளித்துளியாகக் கசிந்து மலத்தோடு கலந்துவிடும், வெளியே தெரியாது. ஆள் வெளுப்பதுதான் அடையாளம். ஆண்பிள்ளைக்கும், தீட்டு நின்ற பெண்ணுக்கும் இரும்புச் சத்துக் குறைந்தால் அந்த இரத்தம் எங்கே போகிறதென்று கேட்டுத் தேட வேண்டும்.

நோய்க்குறி ஏதும் இல்லாமல் 50 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்கள் தெலுக் பங்ளிமா காராங்கிலோ வேறெங்குமோ உள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலச் சோதனை கேட்கலாம். அதுவும் ஒரு புரதத்தைத் தேடும் சோதனைதான். மனித இரத்தத்திலுள்ள குளோபின் என்ற புரதத்தை மட்டும் பிடிப்பதால் முதல்நாள் கறி தின்றிருந்தாலும் பரவாயில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு பாட்டிலை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நோய்க்குறி இருப்பவர்களும், அப்பா அம்மா கூடப்பிறந்தவர்களுக்கு அறுபதுக்குள் இந்த நோய் வந்தவர்களும் மலச் சோதனையோடு நிற்கக்கூடாது, குழாய்ச் சோதனையே கேட்க வேண்டும். நாற்பது வயதிலோ, அவர்களுக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்தியதோ அப்போது.

இனி, "அம்மாவும் போகணுமா?" என்ற கேள்வி. வேறு குடும்பத்திலிருந்து கட்டிவந்தவர் என்றால் இந்தப் பழுதுக்காக அவர் போக வேண்டியதில்லை. ஆனால் நம் வழக்கம் டாக்டருக்குத் தெரிந்திருக்காது. அப்பா சொந்த அக்காள் மகளையோ, அத்தை மகளையோ, மாமன் மகளையோ கட்டியிருந்தால் அம்மாவும் அதே இரத்தம். அவருக்கும் பழுது இருக்கக்கூடும், பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வர வழியுண்டு. அப்படி இரண்டும் பழுதான குழந்தைக்குச் சிறு வயதிலேயே மூளையிலோ இரத்தத்திலோ புற்று வரும். மிக அரிது, ஆனால் டாக்டர் கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டிய விவரம். உங்கள் கடிதத்தில் அம்மா யார் வீட்டுப் பெண் என்று இல்லை, தங்கையே. ஒரு தாளில் அப்பா வழி, அம்மா வழி எல்லார் பெயரையும், இறந்தவர்கள் என்ன வயதில் எப்படி இறந்தார்கள் என்பதையும் தெரிந்தவரை எழுதுங்கள். தெரியாத இடத்தில் "தெரியாது" என்றே எழுதுங்கள். பேராக்கிலுள்ள அத்தைக்கு இன்றே போன் போட்டுக் கேளுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.